சி.டி. படத்தில் வளையம்: காற்றுக் கேலிப்ரேஷனா, தண்ணீர் பேண்டமா, இன்ஜினியரா, மென்பொருளா?

காலையில் சி.டி. ஸ்கேன் மெஷினைப் போட்டு, தண்ணீர் பேண்டத்தை (நோயாளிக்குப் பதிலாக வைத்துச் சோதிக்கும் தண்ணீர் நிரப்பிய உருளை) வைத்து ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்க்கிறீர்கள். நடுவில் மெல்லிய சாம்பல் வளையம். நேற்று இல்லை. வெளியே முதல் நோயாளி காத்திருக்கிறார். "காற்றுக் கேலிப்ரேஷன் ஒன்று ஓட்டிவிடலாம், போய்விடும்" என்கிறார் ஒருவர். "முழு கேலிப்ரேஷன் செய்யாமல் தீராது" என்கிறார் இன்னொருவர். மூன்றாமவர் சர்வீஸ் இன்ஜினியருக்குப் போன் போடச் சொல்கிறார். ரேடியாலஜிஸ்ட்டோ, "மென்பொருளில் வளையத்தை எடுக்கும் வசதி இருக்கிறதே, அதைப் போடுங்கள்" என்கிறார்.

நான்கு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் நான்கும் நான்கு வெவ்வேறு கோளாறுக்கான வைத்தியம். எதை முதலில் செய்வது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: வளையத்தைப் படித்துவிட்டு அப்புறம் பட்டனை அழுத்துங்கள். அவசரத்தில் ஓட்டிய கேலிப்ரேஷன் (மெஷினின் அளவைத் திருத்தி அமைப்பது), இருக்கும் கோளாறையே "இதுதான் சரி" என்று மெஷினுக்குச் சொல்லிக்கொடுத்துவிடும்.

## அளப்பது வேறு, திருத்துவது வேறு

தினமும் காலையில் பேண்டம் வைத்து எடுப்பது தரச் சோதனை. கதிர் எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்பதைச் சொல்லும் சி.டி. அளவுகோலில் தண்ணீர் 0, காற்று −1000. தண்ணீரின் எண் 0-வை ஒட்டி நிற்கிறதா, படத்தில் இரைச்சல் (மணல் தூவியது போன்ற புள்ளிகள்) எவ்வளவு, வளையமோ கோடோ தெரிகிறதா என்று பார்க்கிறோம். அமெரிக்க ரேடியாலஜி கல்லூரியின் அங்கீகாரச் சோதனையில் தண்ணீர் 0-விலிருந்து இரண்டு பக்கமும் 7 அலகுக்குள் இருக்க வேண்டும். சர்வதேச அணுசக்தி முகமை 2012-இல் சி.டி. தரக் கட்டுப்பாட்டுக்கென்று தனி வழிகாட்டியே வெளியிட்டிருக்கிறது. இதில் எதுவும் மெஷினை மாற்றாது. பார்க்கிறோம், குறித்துக்கொள்கிறோம், அவ்வளவுதான்.

கேலிப்ரேஷன் அப்படியில்லை. அது மெஷினுக்குள் ஓர் அட்டவணையை எழுதுகிறது. இனி வரும் ஒவ்வொரு நோயாளியின் படமும் அந்த அட்டவணை வழியாகத்தான் வரும். "காலையில் பேண்டம் போட்டோமே, கேலிப்ரேஷன் ஆயிற்று" என்று சொல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதில்தான் பாதிக் குழப்பம் தொடங்குகிறது.

## எதை வைத்து எடைபோடுவது

வழிகளை ஒப்பிடும்போது ஐந்து கேள்விகள் கேட்டுக்கொள்கிறேன்.

- இது காரணத்தைத் தொடுகிறதா, அல்லது படத்தில் தெரிவதை மட்டும் மறைக்கிறதா?
- மெஷின் எவ்வளவு நேரம் நிற்கும்?
- வளையத்தைத் தவிர வேறு எதை மாற்றிவிடும்? முக்கியமாக, சி.டி. எண்களை.
- தப்பாகிவிட்டால் பழைய நிலைக்குத் திரும்ப முடியுமா?
- செய்யும் ஆள் நம் கையில் இருக்கிறாரா?

இந்த ஐந்துக்கும் முன்னால் வருவது ஆர்டிஃபேக்டின் (உடம்பில் இல்லாமல் படத்தில் மட்டும் தெரியும் பிழையின்) வடிவம். அதைப் படிக்கத் தெரிந்தால் நான்கு வழிகளில் குறைந்தது இரண்டு அங்கேயே கழிந்துவிடும். அதனால் அதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

## வளையத்தைப் படிப்பது

இன்று பெரும்பாலும் ஓடுவது மூன்றாம் தலைமுறை அமைப்பு. எக்ஸ்ரே டியூபும், எதிரே இருந்து கதிரை அளக்கும் டிடெக்டர் வளைவும் சேர்ந்தே சுற்றும். ஒவ்வொரு டிடெக்டர் சேனலும் (டிடெக்டரின் ஒரு சிறு அளக்கும் கூறு) மையத்திலிருந்து எப்போதும் ஒரே தூரத்தில் போகும் கதிரைத்தான் பார்க்கும். அந்தச் சேனல் கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ சொன்னால், 360 டிகிரி சுற்றி முடிப்பதற்குள் அந்தத் தவறு ஒரு வட்டமாக விழுந்துவிடும். நான்காம் தலைமுறையில் டிடெக்டர்கள் கேன்ட்ரியை (நோயாளி நுழையும் வளையக் கூட்டை) சுற்றி நிலையாக நின்றன. கதிர் விசிறியின் ஓரம் ஒவ்வொரு டிடெக்டரையும் கடக்கும்போது நோயாளியைத் தொடாத கதிர் அதற்குக் கிடைக்கும். ஸ்கேன் நடக்கும்போதே அது தன்னைச் சரிபார்த்துக்கொள்ள முடிந்தது. மூன்றாம் தலைமுறையில் நடுச் சேனல்களுக்கு அந்த வாய்ப்பே இல்லை. நோயாளி படுத்திருக்கும்வரை அவற்றுக்கு எதிரே எப்போதும் உடம்புதான். வெறும் காற்றை நாமாகக் காட்டினால்தான் உண்டு.

வட்டத்தின் ஆரமே கோளாறின் விலாசம். திரையில் தூரம் அளக்கும் கருவியை எடுத்து மையத்திலிருந்து வளையம்வரை அளவெடுங்கள். 45 மில்லிமீட்டர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மையத்தில் ஒரு சேனலின் அகலம் 0.6 மில்லிமீட்டர் என்றால், நடுவிலிருந்து ஏறத்தாழ 75-ஆவது சேனல். ஒரு மாட்யூலில் (பல சேனல்கள் சேர்ந்த துண்டில்) 16 சேனல் என்றால் ஐந்தாவது மாட்யூல் பக்கம். இடதா வலதா என்பதை முழு வட்டம் சொல்லாது, ஆனால் தேட வேண்டிய இடம் இரண்டாகக் குறைந்துவிட்டது. படத்தின் நட்டநடுவில் ஒரு புள்ளி மட்டும் இருந்தால் மையச் சேனல். தலை ஸ்கேனில் அந்தப் புள்ளி சின்ன இரத்தக்கசிவு போலக்கூடத் தெரியும், அதனால் அதை அலட்சியம் செய்யக் கூடாது.

தடிமனையும் பாருங்கள். நூல் போல மெலிந்த வளையம் என்றால் ஒன்றிரண்டு சேனல். அகலமான பட்டை என்றால் முழு மாட்யூலோ அதன் பின்னால் இருக்கும் போர்டோ. எல்லா ஸ்லைஸிலும் (குறுக்குவெட்டுப் படத்திலும்) ஒரே ஆரத்தில் வருகிறதா, அல்லது, 16 டிடெக்டர் வரிசை உள்ள மெஷினில், 16 ஸ்லைஸுக்கு ஒருமுறை வருகிறதா? அப்படி 16-க்கு ஒருமுறை வந்தால் குற்றவாளி ஒரே ஒரு வரிசை. எல்லாவற்றிலும் வந்தால், எல்லா வரிசைக்கும் பொதுவான ஏதோ ஒன்று. ஃபில்டரிலோ, கதிரின் அகலத்தைக் கட்டுப்படுத்தும் கோலிமேட்டரிலோ படிந்த அழுக்கையும் அப்போது சந்தேகப்பட வேண்டும். ஹெலிக்கல் ஸ்கேனில் மேசை நகர்ந்துகொண்டே இருப்பதால் முழு வட்டம் கிடைக்காது, துண்டு வில்களாகத்தான் விழும். அதனால் இந்தச் சோதனையை மேசை நிற்கும் ஆக்சியல் முறையில் செய்யுங்கள்.

இன்னொரு குறிப்பு அதிகம் பேருக்குத் தெரிவதில்லை. ஒல்லியான நோயாளிக்கு வளையம் இல்லை, பருமனானவருக்கு மட்டும் வருகிறது என்றால் அது வேறு வகைக் கோளாறு. 20 சென்டிமீட்டர் தண்ணீரைத் தாண்டி வரும் கதிர் ஏறக்குறைய 55-இல் ஒரு பங்கு, 30 சென்டிமீட்டரைத் தாண்டினால் 400-இல் ஒரு பங்கு. சேனலின் பெருக்கம் (வரும் சிக்னலை எத்தனை மடங்காகக் காட்டுகிறது என்பது) தப்பாக இருந்தால், படத்தைக் கணக்கிட லாகரிதம் எடுத்த பிறகு அந்தத் தவறு எல்லோருக்கும் ஒரே அளவுதான். கதிரே இல்லாதபோதும் சேனல் காட்டும் அடிப்படை அளவு தப்பாக இருந்தாலோ, சிக்னல் குறையும்போது சேனல் நேர்விகிதமாகப் பதில் சொல்லாவிட்டாலோ, மிச்சமிருக்கும் அந்தத் துளிச் சிக்னலில் தவறு பெரிதாகத் தெரியும். இரண்டாவது வகையை வெறும் காற்றைக் காட்டி முழுதாகச் சரிசெய்ய முடியாது.

நட்சத்திரம் போலக் கீறிக்கொண்டு வரும் கோடுகள், இரண்டு கனமான எலும்புக்கு நடுவே கருப்புப் பட்டை, மூச்சு விட்டதால் வந்த இரட்டை விளிம்பு, இவையெல்லாம் வளையம் இல்லை. உலோகமும், கதிர் கடினமாவதும் (இரண்டாவது வழியில் விளக்குகிறேன்), அசைவும் செய்யும் வேலை. இவற்றுக்காகக் காற்றுக் கேலிப்ரேஷன் ஓட்டினால் நேரம்தான் வீண்.

பார்க்கும்போது விண்டோவை (திரையில் கருப்பு முதல் வெள்ளைவரை காட்டும் சி.டி. எண்களின் எல்லையை) குறுக்குங்கள். அகலம் 100, மையம் 0. 400 அகலத்தில் பார்த்தால் 5 அலகு வளையம் 80-இல் ஒரு பங்குச் சாம்பல்தான், கண்ணுக்குப் பிடிபடாது. 100-க்கு வந்தால் அதே வளையம் 20-இல் ஒரு பங்கு.

## முதல் வழி: காற்றுக் கேலிப்ரேஷன்

கேன்ட்ரிக்குள் எதுவும் இல்லாமல், பயன்பாட்டில் இருக்கும் கிலோவோல்ட் (டியூபின் மின்னழுத்தம்), ஃபில்டர், கோலிமேஷன் (கதிரின் அகலம்) சேர்க்கைகளில் கதிரைப் பாய்ச்சி, ஒவ்வொரு சேனலும் எவ்வளவு பதில் சொல்கிறது என்று மெஷின் குறித்துக்கொள்கிறது. கதிர் இல்லாதபோது இருக்கும் அடிப்படை அளவையும் எடுத்துக்கொள்கிறது. இனி எல்லாச் சேனலும் சமம் என்று வருவதற்குத் தேவையான பெருக்கல் எண்கள்தான் அட்டவணையில் ஏறுகின்றன. ஆயிரத்தில் ஒரு பங்கு வித்தியாசமே நடுச் சேனல்களில் கண்ணுக்குத் தெரியும் வளையத்தைக் கொண்டுவந்துவிடும். அந்த அளவுக்கு நுணுக்கமான திருத்தம் இது.

நல்லது என்ன: டெக்னீஷியனே செய்யலாம். பேண்டம் வேண்டாம். நோயாளிகளுக்கு நடுவே கிடைக்கும் இடைவெளியிலேயே முடிந்துவிடும். சேனல்கள் நாளாக ஆக மெல்ல விலகுவதால் வரும் மெலிந்த வளையங்களுக்கு இதைவிடச் சிறந்த வழி கிடையாது.

மறைந்திருக்கும் செலவு: மூன்று.

முதலாவது வெப்பம். டிடெக்டரில் கதிரை ஒளியாக மாற்றும் சிண்டிலேட்டர் தரும் ஒளி வெப்பநிலைக்கு ஏற்ப மாறும். டியூப் சூடேறும்போது கதிர் புறப்படும் புள்ளியும் நகரும். மின்சாரம் போய் கேன்ட்ரி அணைந்து வந்திருந்தால், டிடெக்டர் தன் வெப்பநிலைக்கு வர மணிக்கணக்கில் ஆகலாம். திரையில் "தயார்" என்று வந்ததும் ஓட்டிய கேலிப்ரேஷன், அரைகுறையாகச் சூடான டிடெக்டரின் அட்டவணை. மத்தியானம் வளையம் மறுபடி வரும். காலையில் வந்து மத்தியானம் தானாகப் போகிற வளையம் என்றால் கேலிப்ரேஷனைத் தொடாமல் முதலில் அறையின் ஏ.சி.யைப் பாருங்கள்.

இரண்டாவது, வழியில் கிடக்கும் பொருள். இது என் கண்ணெதிரே நடந்தது. ஒரு மையத்தில் காலை வேளை, மேசையை முழுதாகப் பின்னால் இழுக்காமல் விட்டிருந்தோம். தலைதாங்கியின் முனையில் செருகியிருந்த நுரைத்துண்டு சில சென்டிமீட்டர் கதிருக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. கையில் எடுத்தால் கனமே தெரியாத துண்டு. ஆனால் அந்த நுரை குடிக்கும் கதிர், ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற கணக்கைப் பல மடங்கு தாண்டும். நடுச் சேனல்கள் எல்லாம் "எனக்கு வருவது கொஞ்சம் குறைவு" என்று சொல்ல, மெஷின் அதைச் சேனலின் குறையாக எடுத்துக்கொண்டு கூட்டிவிட்டது. அதற்குப் பிறகு எடுத்த தலை ஸ்கேன்களில் நடுவே கருமையான திட்டு. ரேடியாலஜிஸ்ட் கேட்ட பிறகுதான் பேண்டம் வைத்துப் பார்த்தோம். அதிலும் அதே திட்டு. காரணம் தெரிந்ததும் திருத்த ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் ஒரு நோயாளிக்கு மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று. அவர் உடம்பில் தேவையில்லாமல் விழுந்த கதிர் அது. இன்றும் கேலிப்ரேஷனுக்கு முன்னால் டார்ச் அடித்து கேன்ட்ரிக்குள் குனிந்து பார்க்காமல் நான் பட்டனைத் தொடுவதில்லை.

கேன்ட்ரியின் உள்வட்ட ஜன்னலில் காய்ந்துபோன கான்ட்ராஸ்ட் (நோயாளிக்கு ஏற்றும் அயோடின் கலந்த மருந்து) துளியும் இதே வகைதான். அயோடின் கதிரை நன்றாகக் குடிக்கும். மேல்பக்கத்தைத் துடைத்துவிட்டு அடிப்பக்கத்தை விட்டுவிடுவார்கள். ஈரத்துணியால் முழு வட்டத்தையும் விரலால் தடவிக்கொண்டே துடையுங்கள். காய்ந்த துளி கண்ணைவிட விரலுக்குத்தான் முதலில் அகப்படும்.

மூன்றாவது, சாகப்போகும் சேனலை இது மூடிமறைக்கும். வாரம் ஒருமுறை ஓட்டிக்கொண்டிருந்த இடத்தில் தினம் இரண்டு முறை ஓட்ட வேண்டியிருக்கிறது என்றால், கேலிப்ரேஷன் உங்களுக்குச் செய்தி சொல்கிறது. கேட்டுக்கொள்ள வேண்டும்.

எப்போது இதுவே சரி: மெலிந்த வளையம், மெஷின் நன்றாகச் சூடாகியிருக்கிறது, உள்ளே சுத்தம், தண்ணீரின் எண் 0-வை ஒட்டியே நிற்கிறது.

## இரண்டாவது வழி: தண்ணீர் பேண்டம் வைத்து முழு கேலிப்ரேஷன்

காற்றைக் காட்டினால் சேனல்கள் ஒன்றுக்கொன்று சமமாகும். ஆனால் உடம்பு காற்று இல்லை. டியூபிலிருந்து வரும் கதிரில் பல ஆற்றல்கள் கலந்திருக்கும். திசுவைத் தாண்டும்போது மென்மையானவை முதலில் உறிஞ்சப்பட, மிஞ்சுவது கடினமான கதிர். நடுவில் அதிகத் திசுவைத் தாண்டுவதால் அங்கே உறிஞ்சல் குறைவாகத் தெரிந்து, சீரான தண்ணீர்கூட நடுவில் கருத்துக் கிண்ணம் போலத் தெரியும். இதைச் சரிசெய்ய, தலை அளவு, வயிறு அளவு என்று வெவ்வேறு விட்டமுள்ள பேண்டங்களை வைத்து மெஷினுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். தண்ணீர் 0 என்ற அடிக்கல்லும் இங்கேதான் நாட்டப்படுகிறது.

1971 அக்டோபர் 1 அன்று இலண்டனின் அட்கின்சன் மார்லி மருத்துவமனையில் சி.டி.யை உருவாக்கிய ஹவுன்ஸ்ஃபீல்டின் இயந்திரத்தில் முதல் நோயாளியின் தலையை எடுத்தபோது, தலையைச் சுற்றி ஒரு தண்ணீர்ப் பெட்டி இருந்தது. எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் கதிர் கடக்கும் தூரம் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும் என்பதற்காக. இன்று பெட்டி போய்விட்டது. அந்தத் தண்ணீர் செய்த வேலையின் ஒரு பங்கைத்தான் பேண்டம் கேலிப்ரேஷன் அட்டவணை செய்துகொண்டிருக்கிறது.

நல்லது என்ன: கிண்ணக் கருமை, தலைக்கும் வயிற்றுக்கும் தண்ணீர் எண் வேறுபடுவது, கிலோவோல்ட் மாற்றினால் எண் நகர்வது, இவற்றுக்கெல்லாம் இதுதான் தீர்வு. சீரற்ற பதில் சொல்லும் சேனல்களின் நுணுக்கமான வேறுபாடுகளும் இதில் கொஞ்சம் பிடிபடும்.

மறைந்திருக்கும் செலவு: முதலில் நேரம். சேர்க்கைகள் அதிகமிருந்தால் அரை நாள் போய்விடும். இரண்டாவது பேண்டத்தின் ஒழுங்கு. மையத்திலிருந்து விலகி வைத்தால், கதிரை வடிவமைக்கும் பௌ-டை (bow-tie) ஃபில்டரும் பேண்டமும் பொருந்தாமல் போய் ஒரு பக்கம் வெளிர், ஒரு பக்கம் கருமை என்று அட்டவணையில் ஏறிவிடும். பேண்டத்துக்குள் காற்றுக் குமிழி இருந்தாலும் ஆபத்துதான். வைக்கும் முன் தட்டிப் பாருங்கள், தூக்கி வெளிச்சத்தில் பாருங்கள்.

மூன்றாவதுதான் பெரியது, யாரும் யோசிக்காதது. இந்தக் கேலிப்ரேஷன் சி.டி. எண்களை நகர்த்தும். இதய நாளக் கால்சியம் எண்ணுவது 130 அலகு என்ற வரம்பை வைத்துத்தான். கட்டி சுருங்குகிறதா என்று மாதாமாதம் எண்ணை ஒப்பிடுபவர்கள் இருக்கிறார்கள். கதிர்வீச்சுச் சிகிச்சைத் திட்டத்தில் சி.டி. எண்ணை எலக்ட்ரான் அடர்த்தியாக மாற்றும் வளைகோட்டை இந்த மெஷினை நம்பித்தான் போட்டிருக்கிறார்கள். அதனால் முன்னும் பின்னும் ஒரே பேண்டம், ஒரே அமைப்பு, எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, நகர்ந்திருந்தால் சம்பந்தப்பட்டவர்களுக்குச் சொல்லிவிடுங்கள். கதிர்வீச்சுச் சிகிச்சைப் பிரிவுக்குச் சொல்லாமல் இதைச் செய்யவே கூடாது.

எப்போது இதுவே சரி: டியூப் மாற்றிய பிறகு, டிடெக்டர் பாகம் மாற்றிய பிறகு, தண்ணீர் எண் எல்லையைத் தாண்டியபோது, கிண்ணக் கருமை தெரியும்போது. வெறும் நூல் வளையத்துக்கு இதை எடுப்பது தேவையில்லை.

## மூன்றாவது வழி: இன்ஜினியரைக் கூப்பிட்டுப் பாகத்தைச் சரிசெய்வது

காற்றுக் கேலிப்ரேஷன் முடிந்து ஒரு மணி நேரத்தில் அதே ஆரத்தில் வளையம் திரும்பி வந்தால், அட்டவணையில் குறையில்லை, பாகத்தில்தான். இங்கே ஒரு நல்ல இன்ஜினியர் செய்யும் சோதனை எனக்கு மிகவும் பிடிக்கும். சந்தேகப்படும் மாட்யூலைக் கழற்றி, வேறொரு இடத்தில் இருக்கும் மாட்யூலோடு இடம் மாற்றுவார். மறுபடி எடுத்தால் வளையம் புது ஆரத்துக்கு நகர்ந்துவிட்டதா, மாட்யூல் கெட்டிருக்கிறது. அதே இடத்தில் நிற்கிறதா, மாட்யூல் நல்லது, அதன் பின்னால் இருக்கும் போர்டையோ இணைப்பையோ பார்க்க வேண்டும். புதுப் பாகம் எதுவும் வாங்காமலே பதில் கிடைத்துவிடுகிறது.

மறைந்திருக்கும் செலவு: பாகம் வரும்வரை காத்திருப்பு. மாற்றிய பிறகு காற்றும் தண்ணீரும் முழுதாகக் கேலிப்ரேட் செய்தாக வேண்டும். ஆக மூன்றாவது வழியை எடுத்தால் முதல் இரண்டும் அதற்குள் அடக்கம். நாள் குறிக்கும்போது அதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். "மாட்யூல் மாற்ற இரண்டு மணி நேரம்" என்று சொல்லிவிட்டுப் போகும் இன்ஜினியர் கேலிப்ரேஷன் நேரத்தைச் சொல்ல மறந்திருப்பார்.

யாரைக் கூப்பிடுவது என்பதும் ஒரு தேர்வு. தயாரிப்பாளரின் ஆளிடம் சர்வீஸ் மென்பொருளின் முழுத் திறப்பும் அசல் பாகமும் இருக்கும். வெளி நிறுவனம் சீக்கிரம் வரலாம், செலவும் குறையலாம். ஆனால் அவர்களிடம் உங்கள் மாடலின் கேலிப்ரேஷன் திரைகளுக்கான அனுமதிச் சாவி இருக்கிறதா என்று ஒப்பந்தம் போடும்போதே கேளுங்கள். பாகத்தை மாற்றிவிட்டுக் கேலிப்ரேஷனுக்கு வேறு ஆளைத் தேட வேண்டிய நிலை வந்தால் மிச்சப்பட்டது எல்லாம் அதில் கரைந்துவிடும். மையத்திலேயே பயோமெடிக்கல் இன்ஜினியர் இருந்தால், வளையத்தின் ஆரமும் வரிசையும் குறித்த அறிக்கையோடு அவர் போன் பேசட்டும். "படத்தில் வளையம்" என்று சொல்வதற்கும், "நடுவிலிருந்து 75-ஆவது சேனல் பக்கம், எல்லா வரிசையிலும், கேலிப்ரேஷன் முடிந்து ஒரு மணி நேரத்தில் திரும்புகிறது" என்று சொல்வதற்கும் ஒரு பயணம் வித்தியாசம். இரண்டாவது மாதிரிச் சொன்னால் இன்ஜினியர் சரியான பாகத்தைக் கையோடு எடுத்துவருவார்.

## நான்காவது வழி: மென்பொருள் திருத்தம்

வட்டத்தை நீக்கும் மென்பொருள் படத்தை மையத்தைச் சுற்றிப் பிரித்து விரிக்கும். வளையங்கள் அப்போது நேர்கோடுகளாகும். நேர்கோட்டை வடிகட்டி எடுத்துவிட்டு மறுபடி சுருட்டினால் வளையம் இல்லாத படம். சில மென்பொருள்கள் படமாகும் முன்பே மூலத் தரவில் இதைச் செய்யும். அங்கே ஒரு சேனலின் தவறு செங்குத்துக் கோடாகத் தெரியும்.

மறைந்திருக்கும் செலவு: மையத்தைச் சுற்றி வளைந்து செல்லும் எதையும் அதற்கு வளையம் என்றே தோன்றும். மெல்லிய வளைந்த இரத்தநாளச் சுவர், மையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னப் புண், இவற்றின் விளிம்பு மங்கலாம். எண்களும் அந்த இடத்தில் மாறும். இதைவிடக் கவலை, படம் அழகாக வந்துவிட்டதால் டிடெக்டர் கெட்டுக்கொண்டிருப்பதை யாரும் கவனிக்க மாட்டார்கள். தினப் பேண்டம் படத்தை மட்டும் இந்தத் திருத்தம் போடாமல் எடுங்கள் என்று நான் வற்புறுத்திச் சொல்வது அதனால்தான்.

உலோகத்துக்கு நிலைமை வேறு. இடுப்பில் செயற்கை மூட்டு வைத்தவருக்கு எந்தக் கேலிப்ரேஷனும் உதவாது. அங்கே உலோகத்தைத் தாண்டி வரும் கதிர் மிகக் குறைவு. மூலத் தரவில் உலோகம் மறைத்த பகுதியைப் பக்கத்துத் தரவைக் கொண்டு நிரப்பும் மென்பொருள், கிலோவோல்ட்டைக் கூட்டுவது, இரட்டை ஆற்றல் ஸ்கேனில் உயர்ந்த ஆற்றல் படத்தைக் கணக்கிட்டு எடுப்பது, இவைதான் வழி. நிரப்பும் மென்பொருள் உலோகத்தை ஒட்டிப் புதிய ஆர்டிஃபேக்டுகளைத் தானே உண்டாக்கவும் செய்யும். ஆகவே திருத்தாத படமும் ரேடியாலஜிஸ்ட் கையில் பக்கத்திலேயே இருக்கட்டும்.

எப்போது இதுவே சரி: உலோகம். அல்லது ஸ்கேன் முடிந்துவிட்டது, வளையம் பிறகுதான் தெரிந்தது, நோயாளியை மறுபடி கதிருக்குள் அனுப்ப மனமில்லை. அப்போது மூலத் தரவு அழியாமல் இருக்க வேண்டும். நிறைய மெஷின்களில் இடம் நிரம்பினால் அது தானாக அழியும். சந்தேகமான ஸ்கேனின் மூலத் தரவை அன்றைக்கே பூட்டிவையுங்கள்.

## ஒரே பார்வையில்

| | காற்று | தண்ணீர் பேண்டம் | பாகம் மாற்றம் | மென்பொருள் |
|---|---|---|---|---|
| எந்தக் கோளாறுக்கு | மெலிந்த வளையம், மெல்ல விலகல் | எண் நகர்வு, கிண்ணக் கருமை | திரும்பத் திரும்ப வரும் வளையம், அகலப் பட்டை | உலோகக் கோடு, ஏற்கெனவே எடுத்த ஸ்கேன் |
| மெஷின் நிற்கும் நேரம் | நிமிடங்கள் | மணிக்கணக்கு | நாள்கணக்கு ஆகலாம் | நிற்காது |
| யார் செய்வது | டெக்னீஷியன் | பயிற்சி பெற்றவர், பெரும்பாலும் இன்ஜினியர் | இன்ஜினியர் | டெக்னீஷியன் |
| சி.டி. எண் மாறுமா | பெரிதாக இல்லை | மாறும் | மாறும் | அந்தந்த இடத்தில் மாறும் |
| திரும்ப முடியுமா | மறுபடி ஓட்டலாம் | பழைய அட்டவணையைச் சேமித்திருந்தால் | கடினம் | மூலத் தரவு இருந்தால் |
| மறைக்கும் ஆபத்து | சாகப்போகும் சேனல் | பேண்டம் வைத்த தவறு | குறைவு | மிக அதிகம் |

## சில நிலைமைகள்

நள்ளிரவு, தலையில் அடிபட்டவர், மெஷின் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது, இப்போது மெலிந்த வளையம். முதலில் எடுங்கள். உயிர் காக்கும் ஸ்கேனுக்கு முன்னால் கேலிப்ரேஷன் வேண்டாம். வளையம் எங்கே இருக்கிறது என்று அறிக்கை எழுதுபவருக்குச் சொல்லிவிடுங்கள். அவர் போன பிறகு சுத்தம் செய்து காற்றுக் கேலிப்ரேஷன்.

மின்தடைக்குப் பிறகு நான்கைந்து வளையங்கள் ஒன்றாக. எதையும் ஓட்டாதீர்கள். காத்திருங்கள். டிடெக்டர் சூடாகட்டும். டியூபைச் சூடேற்றிவிட்டுப் பேண்டம் வையுங்கள். அப்போதும் இருந்தால்தான் காற்று.

கதிர்வீச்சுச் சிகிச்சைக்கும் அதே மெஷின். காற்று தாராளமாக. தண்ணீர் கேலிப்ரேஷனுக்கு மருத்துவ இயற்பியலாளரின் ஒப்புதலும், முடிந்த பிறகு அடர்த்தி வளைகோட்டைச் சரிபார்க்கும் நேரமும் வேண்டும். மென்பொருள் திருத்தம் போட்ட படத்தைத் திட்டத்துக்கு அனுப்பும் முன் அவரிடம் ஒரு வார்த்தை.

பக்கத்து அறையில் இன்னொரு ஸ்கேனர் இருக்கிறது. அப்படியானால் யோசிக்கவே வேண்டாம். நோயாளிகளை அங்கே அனுப்பிவிட்டு, இந்த மெஷினுக்கு நேரம் கொடுத்துக் காரணத்தைக் கண்டுபிடியுங்கள். ஒரே மெஷின் வைத்திருப்பவர்களுக்குத்தான் இந்த முழுத் தேர்வும் நெருக்கடி.

பல் மருத்துவக் கூம்புக் கதிர் ஸ்கேனர்களிலும் தட்டை டிடெக்டர் எக்ஸ்ரேயிலும் இதே நியாயம்தான். அடிப்படை அளவு, பெருக்கம், செத்த புள்ளிகளின் வரைபடம் என்று பெயர்கள் கொஞ்சம் மாறும்.

எந்த வழியை எடுத்தாலும், தொடுவதற்கு முன்னால் ஒரு பேண்டம் படம், தொட்ட பிறகு அதே பேண்டம், அதே கிலோவோல்ட், அதே ஸ்லைஸ் தடிமன், அகலம் 100 விண்டோவில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வளையத்தின் ஆரம், தண்ணீரின் எண், அறையின் வெப்பநிலை, கேலிப்ரேஷன் ஓட்டிய நேரம், இந்த நான்கையும் நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த முறை அதே 45 மில்லிமீட்டர் வளையம் வரும்போது, போன முறை எத்தனை நாள் தாங்கியது என்று அந்த வரி சொல்லிவிடும்.